செம்புக் கம்பியும் லேசர் கட்டரும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை மாலை எங்கள் பொதுப் பட்டறைக்கு ஒரு கல்லூரி மாணவன் வந்தான். கையில் வெள்ளை நிறத்தில் ஒரு ஷீட். திங்கட்கிழமை ப்ராஜெக்ட் ரிவ்யூவாம். லேசர் கட்டரில் ஒரு மணி நேரம் பதிவு செய்திருந்தான்.

"என்ன மெட்டீரியல் தம்பி?"

"அக்ரிலிக்தான் அண்ணா. கடைக்காரர் அப்படித்தான் சொன்னார்."

வாங்கிப் பார்த்தேன். அக்ரிலிக்குக்கு உரிய கனம் இல்லை. நகத்தால் அழுத்தினால் லேசாகப் பள்ளம் விழுந்தது. "ஒரு நிமிஷம் இரு" என்று சொல்லிவிட்டு, இழுப்பறையிலிருந்து செம்புக் கம்பியையும் சின்ன கேஸ் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். கம்பியைச் சிவக்கும்வரை காய்ச்சி, ஷீட்டின் ஓரத்தில் ஒரு தொடு. ஒட்டிய துளியோடு மறுபடியும் தீயில் பிடித்தேன். தீ பளீரென்று பச்சையாக எரிந்தது.

பையன் முகம் வாடிவிட்டது. "சின்ன பீஸ்தான் அண்ணா, ஒரே ஒரு தடவை..." என்றான். முடியாது என்று சொல்லிவிட்டேன். ஏன் முடியாது என்று அன்றைக்கு நிதானமாகச் சொல்ல நேரமில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பச்சைத் தீ என்ன சொல்கிறது?

இந்தச் சோதனை 1872-ல் பெயில்ஷ்டைன் என்ற ரஷ்ய வேதியியலாளர் சொன்னது. பொருளில் குளோரின் இருந்தால் அது சூடான செம்போடு சேர்ந்து செம்புக் குளோரைடாகும். அந்த ஆவிதான் தீக்குப் பச்சை நிறம் தருகிறது. சோதனைக்கு முன் கம்பியை வெறுமனே தீயில் காட்டி, அதில் பச்சை இல்லை என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வெளிக்காற்றில் நின்று செய்ய வேண்டும். வரும் புகை கொஞ்சம்தான் என்றாலும் நல்லதில்லை.

எங்கள் கையில் சிக்குவது பெரும்பாலும் பி.வி.சி. அதன் எடையில் பாதிக்கு மேல் குளோரின். லேசர் பட்டதும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு கிளம்பும். ஈரம் கண்ட இடத்தில் அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். நம் தொண்டையும் நுரையீரலும் ஈரம்தான், மழைக்காலத்தில் இயந்திரத்தின் இரும்புத் தண்டவாளமும் ஈரம்தான். வெட்டியவர் வீட்டுக்குப் போய்விடுவார், அமிலம் இங்கேயே தங்கிவிடும். சில நாள் கழித்து வேறு யாரோ வந்து "தலை சிக்கிச் சிக்கி ஓடுதே" என்பார்கள். சொந்த இயந்திரம் என்றால் கெடுத்தவருக்கே நஷ்டம். பொதுப் பட்டறையில் கெடுப்பவர் ஒருவர், தவிப்பவர் இன்னொருவர்.

பி.வி.சி. தன் பெயரோடு வராது. ரெக்ஸின், ஃப்ளெக்ஸ் பேனர், வினைல் ஸ்டிக்கர், சன்போர்டு என்று கடைகளில் விற்கும் நுரைப் பலகை என்று பல வேஷம் போட்டு வரும். பாலிகார்பனேட்டும் வேண்டாம். அது வெட்டுப்படாமல் கருகித் தீப்பிடிக்கும். ஏ.பி.எஸ். உருகி வழியும், புகையில் ஹைட்ரஜன் சயனைடு இருக்கும். அக்ரிலிக், ப்ளைவுட், எம்.டி.எஃப்., அட்டை, காகிதம், பருத்தித் துணி இவையெல்லாம் சரி. என்ன பொருள் என்றே தெரியவில்லையா? அப்படியானால் அது வெட்டக்கூடாத பொருள். எங்கள் முதல் விதி இதுதான்.

60 வாட்தானே?

புதிதாக வருபவர்கள் கேட்கும் கேள்வி இது. பழைய குண்டு பல்பும் 60 வாட்தான். ஆனால் பல்பின் வெளிச்சம் அறை முழுக்கப் பரவுகிறது. லேசரை லென்ஸ் 0.2 மில்லிமீட்டர் புள்ளியாகக் குவிக்கிறது. கணக்குப் போட்டால், அந்தப் புள்ளியில் விழும் ஆற்றல் உச்சி வெயிலைப் போல ஏறத்தாழ 19 லட்சம் மடங்கு. சின்ன வயதில் பூதக்கண்ணாடியால் காகிதத்தைப் பொசுக்கியது ஞாபகம் இருக்கிறதா? அதன் பெரியண்ணன் இது.

நம் பட்டறைகளில் அதிகம் இருப்பது கார்பன் டை ஆக்சைடு லேசர். இதை 1964-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியவர் குமார் படேல். புனே மாவட்டத்து பாராமதியில் பிறந்தவர். அதே மாவட்டத்தின் பாபல் கிராமத்தில், விஞ்ஞான் ஆசிரமத்தில், 2002-ல் ஒரு ஃபேப் லேப் தொடங்கினார்கள். எம்.ஐ.டி.க்கு வெளியே ஆரம்பித்த முதல் ஃபேப் லேப்களில் அதுவும் ஒன்று.

இந்தக் கதிரின் அலைநீளம் 10.6 மைக்ரோமீட்டர், கண்ணுக்குத் தெரியாது. சாதாரணக் கண்ணாடியும் அக்ரிலிக்கும் இதைத் தடுத்துவிடும். அதனால்தான் இயந்திரத்தின் மூடியில் வெளிப்படையான ஜன்னல் வைக்க முடிகிறது. கண்ணில் பட்டால் விழியின் முன்படலம் வெந்துவிடும். ஆனால் இப்போது ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் நீல டையோடு லேசர் வேறு ஜாதி. சுமார் 450 நானோமீட்டர். அது முன்படலத்தைக் கடந்து நேராக விழித்திரைக்குப் போய்விடும். தெளிவான அக்ரிலிக் மூடி அதை நிறுத்தாது. "லேசர் கண்ணாடி" என்று பொதுவாக ஒன்று கிடையாது. எந்த அலைநீளத்துக்கு என்று கண்ணாடியிலேயே அச்சிட்டிருக்கும், அதைப் பார்த்துத்தான் போட வேண்டும்.

மூடியைத் திறந்தால் லேசர் நிற்க வேண்டும். அதற்கென்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. வேலை தடைபடுகிறது என்று அதன்மேல் டேப் ஒட்டுபவர்கள் உண்டு. எங்கள் பட்டறையில் டேப்பைப் பார்த்தால் அன்றைக்கு இயந்திரம் ஓடாது.

நாலு நிமிட டீ

இனி என் தப்பு. மூன்று வருஷத்துக்கு முன் அட்டையில் ஒரு பெரிய வேலை. நாற்பது நிமிடம் காட்டியது. பாதி நேரம் ஒழுங்காகத்தான் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் எதிர்க் கடைக்கு டீ குடிக்கப் போனேன். திரும்பி வர நாலு நிமிடம்தான் ஆகியிருக்கும். உள்ளே நண்பர் ஒருவர் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு அணைப்பானோடு நிற்கிறார். மூடிக்குள் ஒரு முழ உயரத்துக்குத் தீ.

காரணம் ரொம்பச் சின்னது. வெட்டும் முனையில் காற்று ஊதும் குழாய் கழன்றிருந்தது. அந்தக் காற்றுதான் எரியும் ஆவியை விலக்கி, பொறியை ஊதி அணைக்கிறது. அது நின்றதும் பொறி சுடராகிவிட்டது. கீழே தேன்கூட்டுத் தட்டில் யாரும் பெருக்காமல் விட்ட துண்டுகள் கிடந்தன. சுடர் அவற்றையும் பிடித்துக்கொண்டது. லென்ஸ் விரிசல், தட்டு போச்சு. இயந்திரம் மூன்று வாரம் மூடிக் கிடந்தது. அதற்குள் பதிவு செய்திருந்த எட்டுப் பேரின் வேலை நின்றுபோனது. யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து எங்கள் வழக்கம் இது. ஓடும் இயந்திரத்தை விட்டு யாரும் நகரக்கூடாது. போயே ஆகவேண்டும் என்றால் நிறுத்திவிட்டுப் போகலாம். தொடங்கும் முன் தட்டைப் பெருக்க வேண்டும், காற்று வருகிறதா என்று விரலால் பார்க்க வேண்டும், குளிர்விக்கும் நீர் ஓடுகிறதா என்று கவனிக்க வேண்டும். நீர் நின்றால் கண்ணாடிக் குழல் சூடேறி வெடித்துவிடும். புகைபோக்கியின் வாயில் ஒரு டிஷ்யூ காகிதத்தைக் காட்டினால் அது ஒட்டிக்கொள்ள வேண்டும். வேலை முடிந்ததும் உடனே திறக்காமல் புகை போக ஓரிரு நிமிடம் விட வேண்டும்.

தீப்பிடித்தால் முதலில் சிவப்புப் பொத்தான், பிறகு காற்றுப் பம்பை நிறுத்துவது. சின்னத் தீயைத் தீப்போர்வையால் மூடிவிடலாம். அடங்காவிட்டால் கார்பன் டை ஆக்சைடு அணைப்பான். பொடி அணைப்பானும் தீயை அணைக்கும், ஆனால் லென்ஸிலும் தண்டவாளத்திலும் பொடி புகுந்து இயந்திரத்தைக் கெடுத்துவிடும். ஒரு அணைப்பான் தீர்ந்தும் தீ நிற்கவில்லையென்றால் இயந்திரத்தை மறந்துவிட்டு எல்லோரும் வெளியே போய் 101-ஐ அழைக்க வேண்டும்.

பின்பக்க மூடியை மட்டும் யாரும் தொடக்கூடாது. குழலுக்குப் போவது ஆயிரக்கணக்கான வோல்ட். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கலாம். லேசர் சுட்டால் புண்தான் ஆகும், இது ஆளையே கொல்லும்.

அந்தப் பையன்

பழைய துண்டுகள் போடும் பெட்டியில் 3 மில்லிமீட்டர் அக்ரிலிக் கிடந்தது. அவன் கொண்டுவந்தது 5 மில்லிமீட்டர். பொருந்தும் காடிகளின் அகலம் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருந்தது. முனகிக்கொண்டே மாற்றினான். வெட்டி முடித்தபோது மணி ஒன்பதரை. அதுவரை இயந்திரத்தை விட்டு அசையவில்லை. தண்ணீர் குடிக்க எழுந்தபோதுகூட, "அண்ணா, கொஞ்சம் பாத்துக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் போனான்.

போகும்போது அந்த வெள்ளை ஷீட்டை என்ன செய்வது என்று கேட்டான். கத்தியால் வெட்டலாம், தாராளமாக வெட்டலாம் என்றேன். அடுத்த வாரம் வந்தபோது புது ஷீட் ஒன்று கையில் இருந்தது. என்னிடம் காட்டவில்லை. நேராகப் போய் இழுப்பறையைத் திறந்து, கம்பியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான்.