இரண்டு கிலோ விதைநெல்

இடம்பெயர்ந்த நாளில் வீட்டிலிருந்து எதை எடுத்துக்கொண்டு புறப்பட்டோம் என்று யோசித்துப் பார்ப்போம். காணி உறுதி, அடையாள அட்டை, பிள்ளைகளின் சான்றிதழ்கள், கொஞ்ச நகை, சமைக்க ஒரு பானை. விதைநெல்லைக் கட்டியெடுத்தவர்கள் எம்மில் மிகச் சிலரே. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்தது. காலபோக விதைப்பு முடிந்தும் முடியாமலும் இருந்த நேரம். விதைத்தவர்களுடைய நெல் வயலில் கிடந்தது, விதைக்காதவர்களுடைய நெல் வீட்டில் சாக்கோடு கிடந்தது. திரும்பி வந்தபோது பலருக்கு இரண்டுமே இல்லை. அதற்கு 5 ஆண்டுகளுக்கு முன்னர், 1990இல், வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியவர்களின் கதையும் இதுதான். அவர்களுள் இன்னும் காணி கைக்கு வராத குடும்பங்களும் உள்ளன.

முகாம்களில் நிவாரண அரிசி கிடைத்தது. அதைக் குறை சொல்ல மாட்டோம், பல வீடுகளில் அடுப்பு எரிந்தது அதனால்தான். ஆனால் தீட்டிய அரிசியோ புழுங்கலரிசியோ முளைக்காது. ஒரு போகம் விதை தவறினால் அடுத்த போகத்துக்குக் கடையில் வாங்கலாம். பல போகங்கள் தவறினால், கடையில் இல்லாத இனங்கள் ஊரிலிருந்தே போய்விடும். மீள்குடியேறிய ஓர் ஆச்சி மொட்டைக்கறுப்பன் எங்கே வாங்கலாம் என்று எம்மிடம் கேட்டார். கடை அரிசி மாவில் பிட்டு அவித்தால் வீட்டில் எல்லோரும் சாப்பிடுகிறார்கள், தனக்கு மட்டும் அது பிட்டாகத் தெரியவில்லை என்பது அவருடைய முறைப்பாடு. அவருக்குப் பதில் தேடியபோதுதான் கோடிக்கரைக்கு அப்பால், திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் வாழ்ந்த ஒருவரின் பணியை இங்கே எழுத வேண்டுமென நினைத்தோம்.

அவர் நெல் ஜெயராமன். 1968இல் திருவாரூர் மாவட்டத்தில் பிறந்தவர். பெயருக்கு முன்னால் நிற்கும் ‘நெல்’ மக்கள் வைத்தது. இயற்கை வேளாண்மைக்காக ஊர் ஊராக நடந்த கோ. நம்மாழ்வாரை (1938-2013) வழிகாட்டியாகக் கொண்டவர். நம்மாழ்வார், தாம் செய்த ஆராய்ச்சி ஏழைக் கமக்காரனுக்கு உதவவில்லை என்று கண்டு அரசாங்க வேலையை விட்டு வந்தவர். 2003இல் பூம்புகாரிலிருந்து கல்லணை வரை காவிரிக் கரையோரமாக ஒரு நடைபயணம் நடந்தது. அதில் போன ஜெயராமனிடம் சில முதிய விவசாயிகள், தங்கள் வீட்டில் எப்படியோ தப்பிக் கிடந்த பழைய விதைகளைக் கொடுத்தார்கள். காட்டுயானம் அவற்றுள் ஒன்று. ஏறக்குறைய 6 மாதப் பயிர், ஆளுயரத்துக்கு மேல் வளரும். யானை புகுந்து நின்றாலும் தெரியாதாம், பெயர்க்காரணம் அப்படிச் சொல்லப்படுகிறது.

கையில் கிடைத்த சில பிடி நெல்லை அவர் கண்ணாடிப் போத்தலில் போட்டுக் காட்சிக்கு வைக்கவில்லை. 2006 தொடக்கம் ஆதிரெங்கம் என்ற ஊரில் ஆண்டுதோறும் நெல் திருவிழா நடத்தினார். வருகிற விவசாயிக்கு 2 கிலோ விதை இலவசம். அடுத்த ஆண்டு அவர் 4 கிலோவாகத் திருப்பித் தரவேண்டும். இவ்வளவுதான் ஒப்பந்தம். திரும்பி வந்த 4 கிலோ, மறுமுறை இருவருக்குப் போகும். மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், கருங்குறுவை, கிச்சிலிச் சம்பா என்று 174 மரபு இனங்கள் இவ்வாறு மீட்கப்பட்டதாகக் கணக்கிடுகிறார்கள்.

2 கிலோவை வைத்து என்ன செய்வது என்று சிலர் நினைக்கலாம். எமது வழக்கப்படி வீச்சாக விதைத்தால் அது ஒரு மூலைக்கும் காணாது. நாற்றுமேடை போட்டு, ஒற்றை நாற்றாக இடைவெளி விட்டு நட்டால் 2, 3 கிலோ ஒரு ஏக்கருக்கே போதும். வேலை கூட, விதை குறைவு.

2004 கடற்கோளுக்குப் பின் நாகபட்டினக் கரையோர வயல்களில் உப்பு ஏறிக் கிடந்தபோது, நம்மாழ்வார் அங்கே நின்று மண்ணைத் திருத்தும் வேலையில் ஈடுபட்டார். அந்தக் கரையோரத்தில் குழியடிச்சான் என்றொரு பழைய நெல் உண்டு, உவரைத் தாங்கும். கடல்நீர் ஏறி உவராகிப் போன வயல்கள் எமது குடாநாட்டிலும் இருப்பதால் இதைக் குறித்துவைத்தோம்.

ஒன்றை மறைக்கக்கூடாது. பழைய இனங்களின் விளைச்சல் புதிய இனங்களைவிடப் பொதுவாகக் குறைவு. உயரமானவை, யூரியாவைக் கொட்டினால் சரிந்து விழும். கடன்பட்டு வயல் செய்கிறவர் முழுக் காணியையும் இதற்கு விடுவதை நாம் விரும்பவில்லை. ஆனால் 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டபோது, பசளையை நம்பியிருந்த பயிர் எவ்வளவு தவித்தது என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஒரு துண்டு வயலிலாவது சாணமும் குழையும் தின்று விளையும் நெல் நிற்பது நட்டமல்ல. வீட்டுக் கஞ்சிக்கும் பிட்டுக்கும் அது போதும்.

மொட்டைக்கறுப்பனையும் பச்சைப்பெருமாளையும் இன்னும் விதைக்கும் சிலர் எம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு வாங்குங்கள். நெல் தன் மகரந்தத்தையே பெரும்பாலும் ஏற்கும் பயிர், ஆகையால் கலவன் கதிர்களை அறுவடைக்கு முன்பே பிடுங்கிவிட்டால் இனம் கெடாது. வரப்போரத்தை விட்டு வயலின் நடுவிலிருந்து விதைக்கு எடுக்க வேண்டும். நன்றாகக் காயவைத்து, வேப்பிலை அல்லது நொச்சியிலை போட்டு வையுங்கள். விதைக்குமுன் 100 நெல்லை எண்ணி ஈரத்துணியில் முடிந்துவைத்து, எத்தனை முளைக்கிறதென்று பாருங்கள். 80க்குக் குறைந்தால் விதையைக் கூட்டிப் போடவேண்டும்.

ஜெயராமன் புற்றுநோயால் 2018 டிசம்பர் 6ஆம் திகதி சென்னையில் காலமானார். அப்போது அவருக்கு வயது 50. 2021இல் தமிழ்நாடு அரசு மரபு நெல் பாதுகாப்பு இயக்கம் ஒன்றுக்கு அவருடைய பெயரைச் சூட்டியது. அவர் இல்லாமலும் திருவிழா நடக்கிறது.

ஆச்சிக்கு ஒரு கமக்காரர் 2 கிலோ மொட்டைக்கறுப்பன் கொடுக்கச் சம்மதித்திருக்கிறார். 4 கிலோவாகத் திருப்பித் தருவதாக அவரும் சொல்லியிருக்கிறார். வயல் மகனுடையது, புரட்டாசியில் உழவு.