சளி பிடித்த இரவும் மூச்சுப் பொறியும்

உறங்குகின்ற மனிதன் தன் மூச்சைப் பற்றி எண்ணுவதில்லை; எண்ண வேண்டிய தேவையும் அவனுக்கு இல்லை. ஆனால், சிலருக்கு உறக்கத்திலே இந்த இயல்பான செயல் அடிக்கடி தடைபட்டுவிடுகிறது. அவர்களுக்குத் துணை செய்யும் ஒரு சிறு பொறியைப் பற்றியும், சளி பிடித்த காலத்தில் அதனை எவ்வாறு கையாளுவது என்பது பற்றியும் இன்று பேச விரும்புகிறேன். நான் மருத்துவன் அல்லன், பௌதிகம் கற்பிப்பவன். ஆனால், பல ஆண்டுகளாக அப்பொறியின் துணையோடு உறங்கிவருபவன்.

மாணவர்களாகிய நமக்கு இச்செய்தி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் தந்தையாரோ பாட்டனாரோ இப்பொறியைப் பயன்படுத்துபவராக இருக்கலாம். மூக்கடைத்த இரவில், "இன்றைக்கு இது வேண்டாம்" என்று அவர் அதை ஒதுக்கும்போது, அருகிலிருந்து காரணத்தோடு எடுத்துச் சொல்லக்கூடியவர் நீங்களே.

முதலில் நோயின் இயல்பைக் காண்போம். நமது தொண்டைக் குழல் எலும்பால் ஆன குழாய் அன்று. தசையால் ஆன மெல்லிய குழாய். விழித்திருக்கும்போது அத்தசைகள் விறைப்பாக நின்று வழியைத் திறந்து வைக்கின்றன. உறக்கத்தில் அவை தளர்கின்றன. சிலருக்கு அத்தளர்ச்சி மிகுந்து, வழி குறுகிக் குறட்டை எழுகிறது. பின்னர் வழியே அடைபட்டு மூச்சு நின்றுவிடுகிறது. குறைந்தது 10 விநாடி நேரம் மூச்சு நின்றால், அதனை ஒரு தடை என்று மருத்துவர்கள் கணக்கிடுகின்றனர். நோய் முற்றியவர்களுக்கு இத்தகைய தடைகள் மணிக்கு 30-க்கும் மேல் நிகழ்கின்றன. ஒவ்வொரு முறையும் குருதியில் ஆக்சிஜன் குறைகிறது. மூளை திடுக்கிட்டுத் தசைகளை எழுப்புகிறது. உறங்குபவர் இதனை அறியார். காலையில் தலைவலியும், பகலில் தூக்கமுமே அவர் அறிவன. நாளடைவில் இரத்த அழுத்தம் உயர்கிறது. வண்டி ஓட்டுபவராக இருந்தால், ஒரு கணம் கண் அயர்வதே பெருந்தீங்காக முடியலாம்.

இந்நோய் முற்றியவர்களுக்குத் தொண்டையின் முன்புறத்தில் துளையிட்டு மூச்சுக்கு வழி செய்வதே ஒரு காலத்தில் பயன்தரும் மருத்துவமாக இருந்தது. ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்து மருத்துவர் காலின் சல்லிவன் வேறொரு வழியைக் கண்டார். மூக்கின் வழியாகக் காற்றைச் சிறிது அழுத்தத்தோடு செலுத்தினால், அக்காற்றே தொண்டைக் குழலைத் தாங்கி நிற்கும் என்று அவர் கருதினார். அவரும் அவருடைய குழுவினரும் ஐந்து நோயாளிகளிடம் இதனைச் சோதித்து, 1981-ஆம் ஆண்டில் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் முடிவை வெளியிட்டனர். அந்தக் கருத்தின் வழிவந்ததே 'சிபாப்' என்று இன்று வழங்கும் பொறி.

இது ஆக்சிஜன் கொடுக்கும் பொறி என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறு அன்று. அறையிலுள்ள காற்றையே வடிகட்டி அழுத்தத்தோடு அனுப்புகிறது. அந்த அழுத்தம் பொதுவாக 4 முதல் 20 சென்டிமீட்டர் உயரமுள்ள நீரின் அழுத்தத்திற்குச் சமம். ஒரு டம்ளரில் 10 சென்டிமீட்டர் உயரத்திற்கு நீர் ஊற்றினால், அந்நீர் அடித்தட்டில் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவே. வளிமண்டல அழுத்தத்தில் இது ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு. இச்சிறிய அழுத்தம் இரவு முழுவதும் தொண்டைக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது.

இனி, சளி பிடித்தால் என்ன நேர்கிறது என்று பார்ப்போம். மூக்கின் உள்ளே இருபுறத்துச் சுவர்களிலும் சுருண்ட எலும்புகள் உள்ளன. அவற்றைப் போர்த்திய சவ்வில் இரத்தக் குழாய்கள் நிறைந்திருக்கின்றன. நோய்க்கிருமி தாக்கும்போது அக்குழாய்கள் விரிந்து சவ்வு வீங்குகிறது. மூக்கடைப்புக்குச் சளியைக் காட்டிலும் இவ்வீக்கமே பெரிய காரணம். எவ்வளவுதான் சிந்தினாலும் அடைப்பு நீங்காதது இதனாலேதான். ஒரு குழாயின் விட்டம் பாதியானால், அதனுள் சீராகப் பாயும் பொருளின் அளவு பதினாறில் ஒரு பங்காகக் குறையும் என்பது பாய்சொய் விதி. மூக்கு அத்துணை ஒழுங்கான குழாய் அன்று. எனினும், சிறு வீக்கம் பெருந்தடையாவது ஏன் என்பதை அவ்விதி விளக்குகிறது.

ஈரத்தில் ஊறிய காகிதக் குழலின் நுனியை விரலால் பாதி மூடிக்கொண்டு உறிஞ்சிப் பாருங்கள். குழலின் நடுப்பகுதி ஒட்டிக்கொள்ளும். மூக்கு அடைபட்டபோது தொண்டையும் அவ்வாறே எளிதில் ஒட்டிக்கொள்கிறது. ஆகவே, பொறியின் உதவி மிகுதியாக வேண்டியிருப்பது சளி பிடித்த இரவில்தான். ஆனால், அன்றுதான் அதனை அணிவதும் கடினமாக இருக்கிறது. மூக்கு அடைக்கவே வாய் திறக்கிறது. மூக்கில் புகுந்த காற்று வாய் வழியே வெளியேறுகிறது. ஓயாது ஓடும் அவ்வறண்ட காற்று மூக்கின் சவ்வை உலர்த்தி, மேலும் வீங்கச் செய்கிறது.

இச்சுழலை உடைப்பதற்கு வழிகள் உண்டு. பொறியோடு இணைந்த நீர்த்தொட்டி காற்றை வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் ஆக்கித் தரும். சளிக் காலத்தில் அதன் அளவைச் சற்றுக் கூட்டிக்கொள்ளலாம். அப்போது குழாயில் நீர் துளிர்க்கக்கூடும். பொறியைத் தலைமட்டத்திற்குக் கீழே வைத்துக் குழாயைப் போர்வையால் மூடினால் அது குறையும். படுக்குமுன் உப்புநீரால் மூக்கைக் கழுவுவது நல்லது. அந்நீர் கொதிக்கவைத்து ஆற்றியதாக இருத்தல் வேண்டும். தலைப்பக்கத்தை உயர்த்திப் படுத்தால் சவ்வில் இரத்தம் தேங்குவது குறையும். மூக்கை மட்டும் மூடும் முகமூடி உதவாதபோது, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் முகமூடியைப் பயன்படுத்தலாம். சளி வருவதற்கு முன்பே மருத்துவரைக் கலந்து அதனை வாங்கி வைத்திருப்பது அறிவுடைமை.

மருந்துகளில் எச்சரிக்கை தேவை. மூக்கடைப்பை உடனே நீக்கும் சொட்டு மருந்துகளைச் சில நாட்களுக்கு மேல் தொடர்ந்தால், அடைப்பு முன்னிலும் கடுமையாகத் திரும்பும். இரத்த அழுத்த நோயாளிகள் மருத்துவரைக் கேளாமல் அவற்றைத் தொடலாகாது. உறக்கத்தைத் தரும் சளி மருந்துகளும் இருமல் மருந்துகளும் இந்நோயாளிகளுக்கு ஏற்றவை தாமா என்பதையும் கேட்டறிய வேண்டும். மருத்துவர் அமைத்துத் தந்த அழுத்தத்தைத் தாமே மாற்றுவது தகாது.

பொறியை நிறுத்த வேண்டிய வேளையும் உண்டு. வாந்தி வருமாயின் முகமூடி அணியலாகாது. மூக்கின் பின்புறத்திலிருந்து நடுச்செவிக்கு ஒரு நுண்ணிய குழல் செல்கிறது. ஆதலால் காதிலோ, முகத்து எலும்புகளிலோ கடும்வலி தோன்றினால் பொறியை நிறுத்தி மருத்துவரைக் காண வேண்டும். ஓரிரவு இயலவில்லையென்றால் மனம் கலங்க வேண்டியதில்லை. ஒருக்களித்துத் தலையை உயர்த்திப் படுக்கலாம். மறுநாள் தூக்கக் கலக்கம் இருப்பின் வண்டி ஓட்டாதிருக்கலாம். ஆனால், சளி நீங்கிய அன்றே பொறிக்குத் திரும்பிவிட வேண்டும். நான் அறிந்த சிலர் சளிக்காக நிறுத்திய பொறி பரணுக்குப் போய்விட்டது. நேற்று உண்ட சோறு நாளைய பசிக்கு உதவாது. இப்பொறியின் பயனும் அவ்வாறே, அணிந்த இரவுக்கு மட்டும் உரியது.

தூய்மையும் இன்றியமையாதது. முகமூடியை நாள்தோறும் மென்மையான சோப்பு நீரில் கழுவ வேண்டும். தொட்டியின் பழைய நீரைக் கொட்டிவிட்டுக் காய்ச்சி வடித்த நீரை நிரப்ப வேண்டும். நோயாளி வெளிவிடும் மூச்சு முகமூடியின் சிறுதுளைகள் வழியே அறையில் வீசுகிறது. 2020-ஆம் ஆண்டின் கொரோனா நோய்த்தொற்றுக் காலத்தில், அந்நோய் கண்டவர்கள் இப்பொறியோடு தனியறையில் உறங்குமாறு மருத்துவர்கள் கூறினர். சளி பிடித்தவரும் சில நாட்கள் தனியே படுப்பது பிறருக்கு நன்மை.

இளைஞர்களே, பொறி ஒன்று அமைவதோடு அறிவியலின் வேலை முடிந்துவிடுவதில்லை. இடையூறு நேரும் நாளில் அதனை விடாது பயன்படுத்தக் காரணம் அறிந்த ஒருவர் வீட்டில் இருத்தல் வேண்டும். நீங்கள் கற்கும் பௌதிகமும் உடலியலும் அவ்விரவில் உங்கள் வீட்டாருக்குப் பயன்படட்டும்.