ஆவாரை வளர்த்த தொழில்

மதுரை, திண்டுக்கல் வட்டாரத்துச் செம்மண் தரிசுகளிலே மழையையும் எருவையும் எதிர்பாராமல் தானே முளைத்து, பொங்கலுக்குக் காப்புக் கட்ட மஞ்சட்பூவைத் தருகின்ற ஆவாரஞ்செடி, தன் பட்டையைக் கொண்டு ஒரு பெருந்தொழிலையே போஷித்து வந்தது என்பதை இன்று அந்தப் பூவைப் பறிக்கிறவர்களிலேயே பலர் அறியமாட்டார்கள்.

1985 வரை மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த திண்டுக்கல்லில், தோல் பதனிடும் கூடத்தைத் 'தோல் ஷாப்பு' என்பார்கள். உப்பிட்டு வரும் ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் முதலில் நீரில் ஊறும். பிறகு சுண்ணாம்புத் தொட்டியில் சில நாள் கிடந்து மயிர்க்கால் தளரும். மயிரை வழித்து, உட்புறத்துச் சவ்வையும் கொழுப்பையும் இருபுறமும் பிடியுள்ள வளைந்த கத்தியால் சீவி, சுண்ணாம்பின் காரம் நீங்கக் கழுவியபின்பே, இடித்த ஆவாரம்பட்டை ஊறிய தொட்டியில் இறக்குவார்கள். எடுத்த எடுப்பில் செறிந்த சாற்றில் இட்டால் மேற்புறம் இறுகி உட்புறம் பச்சையாகவே நின்றுவிடுமாதலால், மெலிந்த சாற்றிலிருந்து படிப்படியாகச் செறிந்த சாற்றுக்கு மாற்றுவது மரபு. பட்டையின் துவர்ப்புச் சத்து தோலின் நார்களோடு கலந்து, அழுகும் சுபாவத்தை அகற்றிவிடுகிறது. ஆவாரையில் பதனிட்ட தோல் வெயில் பட்டால் சிவக்கும். அதைத் தடுக்கக் கடுக்காய் நீரில் தோய்த்து, எண்ணெய் தடவி உலர்த்துவார்கள். வேதியியல் நூல்களைப் படித்தறியாதவர்கள் கைப்பழக்கத்தினால் கண்டுகொண்ட சாஸ்திரம் இது.

இவ்வாறு பதமான தோல், 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்ற பெயரோடு கப்பலேறி லண்டன் சந்தையை அடைந்தது. சாயமும் மெருகும் அங்கே ஏற்றப்பட்டன. ஆகவே கீர்த்தியும் லாபத்தின் பெரும்பகுதியும் முடித்தவர்களுக்கே உரியவையாயின.

இத்தாலியின் பிளாரன்ஸ் நகரத்தை இதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். அங்கும் மரத்தின் துவர்ப்பினால் பதனிடும் முறையே தொன்மையானது. ஆயினும் அந்நாட்டார், தம் மண்ணில் பதனிட்ட தோலைத் தம் மண்ணிலேயே பையாகவும் பெட்டியாகவும் முடித்து, ஊரின் பெயரை அதன்மேல் பொறித்தார்கள். யுத்தத்தில் பெற்றோரை இழந்த சிறுவர்களுக்கு ஜீவனோபாயம் கற்பிக்கும் பொருட்டு, 1950இல் சாந்தா குரோச்சே ஆலயத்துப் பிரான்சிஸ்கன் துறவிகள், தோல் தொழிலில் தேர்ந்த குடும்பத்தாருடன் சேர்ந்து மடத்துக்குள்ளேயே ஒரு தோற்பள்ளியை நிறுவினார்கள். அப்பள்ளி இன்றும் நடக்கிறது. பிரயாணிகள் கைவினைஞரை அருகில் நின்று பார்த்து, மதிப்போடு வாங்கிச் செல்கிறார்கள்.

நம் ஊரிலோ அந்த மதிப்பைச் சாதி மறுத்தது. சுண்ணாம்பும் துர்நாற்றமும் சூழ்ந்த தொட்டிகளில் உழைத்துத் தோலுக்கு ஆயுள் கொடுத்தவர்களைச் சமூகம் எட்ட நிறுத்தியது. திண்டுக்கல் தோல் தொழிலாளர் உரிமைக்காகப் போராடிய வரலாற்றை டி. செல்வராஜ் 'தோல்' என்னும் நாவலாக்கி, 2012இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். குரோமிய உப்பினால் விரைவில் பதனிடும் முறை பரவியபோது நிலத்தடி நீரும் கெட்டது. தோல் ஷாப்புகளின் கழிவைக் குறித்து உச்ச நீதிமன்றம் 1996இல் வழங்கிய தீர்ப்பு திண்டுக்கல்லையும் உள்ளடக்கியது. ஆவாரை முறைக்கும் உப்பும் சுண்ணாம்பும் வேண்டியிருப்பதால், கழிவைச் சுத்திகரிக்கும் பொறுப்பு எம்முறைக்கும் உண்டு.

ஈஸ்ட் இந்தியா தோலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அது காகிதத்தோடு நின்றுவிடலாகாது. ஆவாரையைத் தரிசுகளில் பயிராக்கி, பதனிட்ட தோலை இங்கேயே செருப்பாகவும் பையாகவும் முடிக்கக் கற்பிக்கும் பள்ளியொன்றைத் திண்டுக்கல்லில் நிறுவ அரசும் வணிகரும் முன்வர வேண்டும். அந்தப் பள்ளியில், தலைமுறை தலைமுறையாகத் தொட்டியில் நின்று உழைத்தவர்களின் பிள்ளைகளுக்கே முதலிடம் தரவேண்டும். அது நாம் அவர்களுக்குப் பட்டிருக்கும் கடன்.