மாத்திரையை நிறுத்தியவர்

1948 மார்ச் மாதக் கடைசி. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரை ஒட்டிய பந்தூராவில், முன்னாள் படைவீரர்களுக்கான மனநல மருத்துவமனை. ஐந்து வருடமாக மனக்கிளர்ச்சி அடங்காத ஐம்பத்தோரு வயது நோயாளி ஒருவருக்கு ஜான் கேட் என்ற மருத்துவர் ஓர் உப்பைக் கொடுக்கத் தொடங்கினார். லித்தியம் சிட்ரேட். சில வாரங்களில் அந்த மனிதர் அமைதியானார். ஜூலையில் வீட்டுக்குப் போனார், பழைய வேலையிலும் சேர்ந்தார்.

மருத்துவ வரலாற்றில் பெரும்பாலும் இதோடு கதையை முடித்துவிடுவார்கள். மீதியையும் சொல்லியாக வேண்டும். வீட்டுக்குப் போனவர் மெல்ல மெல்ல மருந்தை விட்டார். 1949 ஜனவரியில் மறுபடி அதே மருத்துவமனை, மறுபடி அதே மருந்து. 1950-இல் அவர் இறந்தார். காரணம், உடம்பில் லித்தியம் ஏறி நஞ்சானது. மனம் உடைந்த கேட், தன் மருத்துவமனையில் அந்த மருந்தையே நிறுத்தினார்.

கேட் அலட்சியக்காரர் அல்ல. கினிப் பன்றிகளுக்கு லித்தியம் செலுத்தியபோது அவை சாந்தமாவதைக் கண்டார். (அது லேசான நஞ்சேற்றமாகவே இருந்திருக்கலாம் என்று பின்னால் வந்தவர்கள் ஐயப்பட்டார்கள்.) நோயாளிகளுக்குக் கொடுப்பதற்கு முன் தானே விழுங்கிப் பார்த்தார். அவரிடம் இல்லாதது ஒன்றுதான்: ரத்தத்தில் எவ்வளவு லித்தியம் இருக்கிறது என்று அளந்து பார்த்துக் கொடுக்கும் வழக்கம். அதை 1951-இல் அதே மெல்போர்னில் டிரௌட்னர் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் செய்து காட்டினார்கள். 1954-இல் டென்மார்க்கின் மனநல மருத்துவர் மோகன்ஸ் ஷோ முறையான சோதனை நடத்தினார். அமெரிக்கா 1970-இல்தான் அனுமதி தந்தது.

இன்றும் பைபோலார் எனப்படும் இருமுனை மனநோய்க்கு முக்கியமான மருந்து இதுதான். மனம் உச்சத்துக்கு ஏறுவதையும் பாதாளத்தில் விழுவதையும் தடுக்கிறது, தற்கொலையையும் குறைக்கிறது. ஆனால் ரத்தத்தில் ஒரு லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருந்தால் மருந்து, 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து. இவ்வளவு குறுகிய வரப்பில் நடக்கவைக்கும் மாத்திரைகள் அதிகமில்லை.

அந்த வரப்பிலிருந்து எளிதில் சறுக்கிவிடுவதற்குச் சிறுநீரகம் ஒரு காரணம். நாம் தின்னும் உப்பில் இருக்கும் சோடியத்தின் நெருங்கிய உறவு லித்தியம். உடம்பில் உப்போ நீரோ குறைந்தால், சிறுநீரகம் சோடியத்தை வெளியே விடாமல் இழுத்துப் பிடிக்கும். கூடவே லித்தியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் வியர்த்துக் கொட்டினாலும், இரண்டு நாள் வயிற்றுப்போக்கு வந்தாலும், பிரஷருக்காகச் சாப்பாட்டில் திடீரென்று உப்பைக் குறைத்தாலும் ரத்தத்தில் அளவு ஏறிவிடும். மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் நாமே கேட்டு வாங்கும் ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்றவையும் அதை ஏற்றக்கூடியவை. வாந்தி, கைகால் பெரிதாக உதறுவது, பேச்சுக் குழறுவது, நடை தள்ளாடுவது எல்லாம் அளவு மீறியதற்கான அடையாளங்கள். காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அளவு சரியாக இருக்கும்போதும் இந்த மருந்து தன் கூலியை வாங்கிக்கொள்ளும். விரல்களில் மெல்லிய நடுக்கம் வரலாம். டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருக்கும், கையெழுத்து மாறும். தாகம் அடங்காமல் போகலாம், இரவில் மூன்று நான்கு முறை எழ வேண்டியிருக்கலாம். எடை கூடலாம். தைராய்டு மந்தமாகலாம். ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டால் சிறுநீரகமும் சிலருக்குத் தளரும்.

இவற்றுக்கெல்லாம் பரிசோதனை உண்டு. பரிசோதனையில் அகப்படாத இழப்பும் உண்டு. அமெரிக்க உளவியலாளர் கே ரெட்ஃபீல்ட் ஜேமிசன் இந்த நோயை ஆராய்பவர். இந்த நோயோடு வாழ்பவரும்கூட. லித்தியம் எடுத்துக்கொண்ட பல ஆண்டுகள் தன்னால் ஒரு கனமான புத்தகத்தை முழுதாகப் படித்து முடிக்க முடியவில்லை என்று 1995-இல் வெளிவந்த தன் நினைவுநூலில் எழுதியிருக்கிறார். உச்சத்தில் இருந்த நாட்களின் வேகத்துக்கும் ஒளிக்கும் ஏங்கியதையும் மறைக்கவில்லை. மருந்தை அவரும் நிறுத்தினார், அதற்கான விலையையும் கொடுத்தார். பிறகு மருத்துவர் அளவைக் குறைத்ததும் படிக்க முடிந்தது. லித்தியம் இல்லாவிட்டால் தான் உயிரோடு இருந்திருக்க மாட்டேன் என்று சொல்பவரும் அவரேதான்.

ஆகவே, “நல்லாத்தானே இருக்கே, மாத்திரை எதுக்கு?” என்று கேட்கும் சொந்தக்காரர் மீதும், “ஒழுங்கா மாத்திரை போடு” என்று அதட்டுவதோடு நிறுத்திக்கொள்ளும் வீட்டார் மீதும் எனக்கு ஒரே அளவு வருத்தம். மாத்திரையை ஒளித்து வைப்பவர் திமிர் பிடித்தவர் அல்ல. அவர் இழப்பது நிஜமானது. அதை வாய்விட்டுச் சொல்ல இடமில்லாதபோதுதான் பலர் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்துகிறார்கள். லித்தியத்தைச் சட்டென்று நிறுத்தினால் நோய் முன்னைவிட வேகமாகத் திரும்பக்கூடும்; குறைப்பதென்றால் மருத்துவர் துணையோடு, வாரக்கணக்கில், படிப்படியாகத்தான். நடுக்கத்துக்கு வேறு மாத்திரை உண்டு. அளவைக் கொஞ்சம் இறக்கலாம். ஒத்துவராவிட்டால் மருந்தையே மாற்றலாம். நோயாளி வாய் திறந்தால்தான் மருத்துவரால் இதில் எதையும் யோசிக்க முடியும்.

அளவு பார்க்கும் ரத்தத்தைக் கடைசி மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து எடுப்பார்கள். இரவு ஒன்பது மணிக்குப் போட்டவர் காலை ஒன்பது மணிக்கு ஆய்வகத்தில் இருக்க வேண்டும். மாலையில் கிடைக்கும் சீட்டில் ஒரே ஓர் எண் இருக்கும்: 0.7 என்றோ 0.8 என்றோ. அதன் ஓரத்தில், முழுதாகப் படிக்க முடியாமல் போன புத்தகத்தின் பெயரையும் எழுதி மருத்துவரிடம் கொண்டுபோகலாம்.