கழிமுகத்து அரங்கு

ஆறு கடலொடு கலக்கும் இடத்தமைந்த ஊருக்குக் கடமைகள் மூன்று. வருவோர்க்கு உணவளித்தல் ஒன்று. தங்க இடமளித்தல் மற்றொன்று. கண்ணுக்கும் செவிக்கும் விருந்தாகும் அரங்கமைத்தல் மூன்றாவது. காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடிய நம் புலவர் இம்மூன்றனையும் மறந்தாரல்லர். அட்டிற்சாலையில் வடித்த கஞ்சி தெருவில் ஆறெனப் பரந்ததைப் பட்டினப்பாலை காட்டும். ஆதரவற்றோர் ஒதுங்கிய உலகவறவியை மணிமேகலை காட்டும். ஆடரங்கின் அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல் என அளந்தே கூறும் சிலப்பதிகாரம்.

கொழும்புக்கு வடக்கே, களனி கங்கை கடல்புகும் இடத்தை அடுத்து, வத்தளையின் பக்கத்தே கிடக்கும் சிற்றூர் ஹெந்தளை. பெரிய வரலாற்று நூல்கள் இதனை விரித்துரைப்பதில்லை. ஆயினும் முற்கூறிய மூன்று கடமைகளையும் இவ்வூர் தன்னளவில் ஆற்றியது.

முதலாவது உணவு. இப்பகுதிக் கடைகளில் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் ஒரே பலகையில் அமர்ந்துண்பர். நாம் இடியப்பம் என்பதனைச் சிங்களவர் இந்தியாப்ப என்பர். அப்பத்தை ஆப்ப என்பர். நாமோ போர்த்துக்கேயரிடமிருந்து பெற்ற சொல்லாற் பாண் கேட்கிறோம். அரசியல் மேடையில் மாறுபடும் மொழிகள் அடுப்படியில் உறவு கொண்டாடுகின்றன.

இரண்டாவது உறையுள். கடற்கரையில் நிற்கும் பெரிய ஹோட்டல், கிரேக்கர் கதையிலே வரும் சிறகுடைக் குதிரையின் பெயரால் பெகாசஸ் ரீஃப் எனப்படும். ஆயினும் இவ்வூரின் பழைய தங்கிடம் வேறொன்று. எவ்விடுதியும் ஏற்காத தொழுநோயாளர்க்கென ஒல்லாந்தர் 1708-இல் இங்கு மருத்துவமனை அமைத்தனர். நோயாளரை ஊரினின்று ஒதுக்கிய இடமே அது. எனினும், கதவடைத்த உலகில் அவர்க்குத் திறந்திருந்த கதவும் அதுவே.

மூன்றாவது அரங்கு. இங்கேதான் நம் நெஞ்சு கனக்கிறது. சிங்களத் திரைப்படத்தின் தொடக்கத்தில் தமிழர் பங்கு பெரிது. 1947-இல் வெளிவந்த முதற் சிங்களப் பேசும்படமாகிய 'கடவுனு பொறொந்துவ'வைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் இயக்கிய 'சந்தேசய' (1960) படத்தின் தயாரிப்பாளர் கே. குணரத்தினம். அவருடைய விஜயா ஸ்ரூடியோ நின்றது இந்த ஹெந்தளையிலேதான். ஒளியமைப்பவர், ஒப்பனையாளர், தச்சர், சமையலாளர் என எத்துணையோ கைகள் இனம் கருதாது கூடி உழைத்த களம் அது.

1983 ஜூலையிலே இனவன்முறைத் தீ அதனையும் உண்டது. கட்டடத்தோடு படச்சுருள்களும் எரிந்தன. குணரத்தினமும் 1989-இல் கொல்லப்பட்டார்.

பூம்புகாரைக் கடல்கொண்டது என்கிறது மணிமேகலை. கடலுக்குப் பகை இல்லை. ஹெந்தளையின் அரங்கை அழித்ததோ மனிதர் கை. தமிழர் ஒருவரின் கூடம் என்று கருதி எரித்தோர், தம் மொழிப் படங்களையும் பிறந்த களத்தையும் சேர்த்தே எரித்தனர் என்பதை உணர்ந்திலர். உணவுச்சாலை இடிந்தால் மீளக் கட்டலாம். ஹோட்டல் மூடினால் மீளத் திறக்கலாம். ஒரே படியாக இருந்த சுருள் எரியின், அதிலிருந்த முகமும் குரலும் மீளா.

ஊர் அழிந்தும் சிலம்பு அழியாமைக்குக் காரணம் யாது? ஏட்டுப்படிகள் பல இல்லங்களிற் சிதறிக் கிடந்தன. அவற்றைத் தேடித் தொகுத்தே 1892-இல் உ. வே. சாமிநாதையர் அச்சேற்றினார். அப்பணி இன்று நமக்கும் உண்டு. பழைய பாட்டுப் புத்தகங்களும் விளம்பரத் துண்டுகளும் நிழற்படங்களும் எவர் பெட்டியிலோ இன்னும் கிடத்தல் கூடும். அக்கூடத்தில் உழைத்த முதியோர் நினைவிலும் பல செய்திகள் இருக்கும். ஆசிரியர்கள் மாணாக்கரை அவர்பால் அனுப்புக, கேட்டதை எழுதுவிக்க, எழுதியதைப் பல படிகளாக்கிப் பல இல்லங்களில் வைக்க. ஒரு கூடத்தைக் கொளுத்தும் தீ, ஆயிரம் இல்லங்களில் இருப்பதைக் கொளுத்த மாட்டாது.