சிறுநீரக நோயாளரின் இதயம்

சிறுநீரகம் செயலிழந்த ஒருவர் இறந்துவிட்டால், சிறுநீரகம் பழுதானதால் இறந்தார் என்று சொல்லிவிடுவது நமது வழக்கம். வைத்தியக் கணக்குகளோ பெரும்பாலும் வேறொன்றைக் காட்டுகின்றன. குருதிச் சுத்திகரிப்பு இயந்திரத்தின் துணையால் வாழ்வோர் பலரின் உயிரைக் கொண்டுபோவது சிறுநீரகமன்று, இதயமே.

1960 ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் சியாற்றில் நகரில் பெல்டிங் ஸ்கிரிப்னர் என்னும் வைத்தியர், நோயாளியின் கையில் நிலையாகப் பொருத்தி வைக்கத்தக்க ஒரு குழாயை அமைத்தார். சுத்திகரிப்பை ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து செய்ய அது வழிதிறந்தது. அவ்வாறு முதன்முதலிற் சிகிச்சை பெற்ற கிளைட் ஷீல்ட்ஸ் மேலும் பதினோராண்டு வாழ்ந்தார். 1971 இல் அவர் இறந்தது மாரடைப்பினால். 1974 இல் அதே நகரத்து ஆராய்ச்சியாளர், நெடுங்காலம் இயந்திரத்தை நம்பி வாழ்வோரின் நாடிகள் மிக விரைவிற் கேடுறுகின்றன என எழுதினர். செய்தி முற்றிலும் புதிதன்று. இலண்டன் கைஸ் வைத்தியசாலையின் ரிச்சட் பிறைற், சிறுநீரக நோயால் இறந்தோரின் இதயம் பருத்திருந்ததை 1836 இலேயே குறித்து வைத்திருந்தார்.

காரணம் யாது? சிறுநீரகத்தைக் கழிவகற்றும் வடிகால் என்று மட்டும் எண்ணுதல் போதாது. நீரையும் உப்பையும் அளவோடு நிறுத்துவதும், குருதியமுக்கத்தை ஆள்வதும், செங்குருதித் துணிக்கைகளின் ஆக்கத்தைத் தூண்டுவதும் அதன் தொழில்களே. இவை தவறும்போது மிகை நீர் குருதிக்குழாய்களில் தங்குகிறது, அமுக்கம் ஏறுகிறது, குருதிச்சோகையும் வந்து சேர்கிறது. இடது இதயவறை ஓயாது பாரஞ்சுமந்து, சுவர் தடித்து, விறைத்துப் போகிறது. போதாக்குறைக்கு, வெளியேற வேண்டிய பொசுபரசு குருதியில் தேங்குவதால் நாடிச் சுவர்களிற் கல்சியம் படிகிறது. சாதாரண மாரடைப்பு நோயாளியின் குழாயிற் கொழுப்புப் படிந்து அடைக்கிறது. இங்கோ குழாயின் சுவரே சுண்ணாம்பேறிக் கல்லாகிறது.

பொற்றாசியத்தைப் பற்றியும் சற்று விரித்துக் கூறவேண்டும். குருதியில் அது மிகுந்தால் இதயத்துடிப்பு ஒழுங்கிழந்து, சிலவேளை திடீரென நின்றே போகும். வெள்ளவத்தையானாலென்ன, கொட்டாஞ்சேனையானாலென்ன, நோயாளியைப் பார்க்கப் போகும்போது செவ்விளநீரும் வாழைப்பழமும் கொண்டுபோவது நம்மவர் அன்பு முறை. இரண்டிலும் பொற்றாசியம் நிறைய உண்டு. இயந்திரத்தை நம்பியிருப்பவருக்கு அந்த இளநீர் குளிர்ச்சியன்று, ஆபத்து. கருவாடும் ஊறுகாயும் வேறு வழியாற் கெடுப்பன. உப்புத் தாகத்தை எழுப்ப, குடித்த நீர் போக வழியின்றி இதயத்தின்மேற் சுமையாகிறது.

2011 இல் அமெரிக்காவில் முப்பத்தீராயிரம் பேருக்கு மேற்பட்டோரின் விவரங்களை ஆராய்ந்தனர். வாரத்தில் மும்முறை சுத்திகரிப்புப் பெறும் அவர்களிடையே, இரண்டு நாள் இடைவெளி கழிந்து வரும் நாளிலேயே இறப்பும் இதயத் தாக்கமும் கூடுதலாக நிகழ்ந்தன. நம் நாட்டிலோ வாரத்தில் இருமுறை மட்டுமே இயந்திரத்துக்குச் செல்வோர் பலர். மாளிகாவத்தையிலுள்ள தேசிய சிறுநீரக நிலையத்துக்கோ வேறு வைத்தியசாலைக்கோ போய்வரும் நாளில் எவரும் கவனமாக இருப்பர். இடைநாட்களிலேதான் வீட்டார் கண் அயர்கிறது.

இதயத்துக்கு வரும் கேடு இயந்திரம் வரும்வரை காத்திருப்பதுமில்லை. கலிபோர்ணியாவில் பதினொரு இலட்சத்துக்கு மேற்பட்டோரை வைத்து 2004 இல் வெளியான ஆய்வு, சிறுநீரகத்தின் வேலை குறையக் குறைய இதய நோய் படிப்படியாக மிகுவதைக் காட்டிற்று. நீரிழிவோ உயர் குருதியமுக்கமோ உள்ளவர்கள், சீனியளவை அறிவதோடு நில்லாது, சிறுநீரிற் புரதத்தையும் குருதியிற் கிரியேற்றினினையும் சோதிக்கும்படி வைத்தியரைக் கேட்கலாம்.

இனி மருந்து. கொலஸ்ரறோலைக் குறைக்கும் ஸ்ராற்றின் வகை மருந்துகள் மற்றையோரின் இதயத்தைக் காப்பன. ஆனால் சிறுநீரகம் பழுதானோரை இதய மருந்துச் சோதனைகளிற் பலகாலம் சேர்க்காமலே விட்டனர். இது சரியென்று எனக்குத் தோன்றவில்லை. மிகுந்த ஆபத்திலிருப்பவரையன்றோ முதலிற் சேர்த்திருக்க வேண்டும்? சேர்த்துப் பார்த்தபோது முடிவு வியப்பளித்தது. இயந்திரத்தை நம்பியிருந்தோரிடம் 2005 இல் ஜேர்மனியிலும் 2009 இற் பல நாடுகளிலும் நிகழ்ந்த சோதனைகளிற் குறிப்பிடத்தக்க பயன் தென்படவில்லை. 2011 இல் 9,270 பேரிடம் நடந்த மற்றொன்றிலோ, மூவரில் இருவர் இன்னும் இயந்திரத்துக்கு வராதவர். அங்கே நாடியடைப்பால் வரும் பெருந்தாக்கங்கள் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைந்தன. முன்னரே அம்மருந்தை உண்டு வருவோர் இதைக் கேட்டுத் தாமாக நிறுத்திவிடலாகாது.

2025 இல் மீனெண்ணெய் பற்றிய ஒரு முடிவு வெளியாயிற்று. கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இயந்திரச் சிகிச்சை பெற்ற 1,228 பேரில் ஒரு சாராருக்கு நாள்தோறும் நான்கு கிராம் மீனெண்ணெயும், மறுசாராருக்குச் சோள எண்ணெயும் கொடுத்தனர். மீனெண்ணெய் உண்டோரிடம் கடும் இதயத் தாக்கங்கள் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற் குறைந்தன. அங்கே கொடுத்தது அளவும் தரமும் வரையறுத்த மருந்து. காலி வீதிக் கடைகளில் விற்கும் போத்தல்கள் எல்லாம் அதற்கு ஈடென்று கொள்வதற்கில்லை. வாங்க நினைப்பவர்கள் அதைத் தம்மைப் பார்க்கும் வைத்தியரிடம் முதலிற் காட்டிக் கேட்பார்களாக.