நோவும் மனச்சோர்வும்: ஒரு மருந்தின் அளவும் அதனைச் சொல்லும் மொழியும்

‘நோ’ என்பது தமிழின் தொன்மையான வினையடிகளுள் ஒன்று. ‘கால் நோகிறது’ என்கிறோம். ‘மனம் நொந்தது’ என்றும் சொல்கிறோம். உடற்றுன்பத்தையும் உளத்துன்பத்தையும் ஒரே அடிச்சொல் தாங்கி நிற்கிறது. மலாய் மொழியில் ‘சாக்கிட்’ என்பது நோயையும் வலியையும் சுட்டும்; ‘சாக்கிட் ஹாத்தி’ என்றால் மனத்தாங்கல். இவ்விரு துன்பங்களுக்கும் பொதுவாக வழங்கப்படும் மருந்துகளும் உண்டு. அவற்றுள் ஒன்று அமிட்ரிப்டிலின். மருந்து ஒன்றாயினும் அளவு ஒன்றன்று என்பதையும், அவ்வளவு மொழிவழியே எங்ஙனம் பிறழக்கூடும் என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அமிட்ரிப்டிலின் 1961ஆம் ஆண்டு அமெரிக்காவில் மனச்சோர்வுக்கான மருந்தாக ஒப்புதல் பெற்றது. செரோடோனின், நோராட்ரினலின் என்னும் வேதிப்பொருள்கள் நரம்பணுக்களுக்குள் மீள உறிஞ்சப்படுவதை இது தடுக்கிறது. தண்டுவடத்தில் வலிச்செய்தியை அடக்கும் பாதைகளும் இவற்றைக் கொண்டே இயங்குகின்றன. ஆகவே, நம்மவர் இனிப்புநீர் என்று சொல்லும் நீரிழிவால் பாதங்களில் உண்டாகும் நரம்பெரிச்சலுக்கும், அக்கி ஆறிய பின்னும் நீடிக்கும் வலிக்கும், ஒற்றைத் தலைவலி வராமல் தடுப்பதற்கும் மருத்துவர் இதனை எழுதிக் கொடுக்கின்றனர்.

மனச்சோர்வுக்குப் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 75 முதல் 150 மில்லிகிராம் வரை தேவைப்படலாம். நரம்பு வலிக்கோ வழக்கமாக 10 முதல் 25 மில்லிகிராமில், இரவில் தொடங்குவர். பயனையும் பக்கவிளைவையும் பார்த்துச் சிறுகச் சிறுக உயர்த்துவர். 75 மில்லிகிராமைக் கடப்பது பெரும்பாலும் சிறப்பு மருத்துவரின் மேற்பார்வையிலேயே. முதியவர்க்கு அளவு இன்னும் குறைவு. ஒருவருக்குரிய அளவை அவருடைய மருத்துவரே முடிவு செய்தல் வேண்டும். அண்டை வீட்டாரின் மாத்திரை நம்முடைய மாத்திரை ஆகாது.

மொழி இடறும் இடங்கள் நான்கு.

முதலாவது, பெயர். ‘மன அழுத்தம்’ என்னும் தொடரை அன்றாட மன இறுக்கத்திற்கும் ஆளுகிறோம். மருத்துவர் குறிக்கும் மனச்சோர்வு நோய்க்கும் ஆளுகிறோம். கால் எரிச்சலுக்காகச் சென்றவர், ‘இது மன அழுத்த மருந்தாமே’ என்று கேள்வியுற்று நாணி நிறுத்திவிடுவதும், மனம் பதற்றமான நாளில் மட்டும் ஒன்று விழுங்குவதும் இதனால் நேரக்கூடியவை.

இரண்டாவது, வகை. ‘வலி மாத்திரை’ என்றதும் வலிக்கும்போது உண்பது என்று கொள்கிறோம். பாராசித்தமோல் உறையில் ‘பீலா பெர்லு’, அதாவது ‘தேவைப்படும்போது’, என்று இருக்கலாம். அமிட்ரிப்டிலின் அவ்வகையன்று. நாள்தோறும் உண்டுவர, முழுப்பயன் தெரியச் சில வாரங்கள் ஆகும். வலி தணியவில்லை என்று அன்றிரவே இன்னொன்று உண்பது கேடு. ஒருநாள் மறந்தால் மறுநாள் இரட்டிப்பாக உண்ணலாகாது.

மூன்றாவது, எண்ணிக்கை. இம்மாத்திரை 10, 25 மில்லிகிராம் எனப் பல அளவுகளில் வருகிறது. ‘இரண்டு மாத்திரை’ என்றால் இருபதா, ஐம்பதா? எண்ணோடு மில்லிகிராமையும் சேர்த்துச் சொன்னால்தான் சொல் நிறைவுறும்.

நான்காவது, வேளை. ‘மாலாம்’ என்றால் இரவு. ‘செபெலும் தீடோர்’ என்றால் உறங்குமுன். ஜுருவிலும் பிறையிலும் இரவு வேலைக்குச் செல்லும் தொழிலாளர்க்கு இவையிரண்டும் ஒன்றல்ல. இம்மருந்து அயர்வு தரும். வேலை தொடங்கும் வேளையில் உண்டால் இயந்திரத்தருகிலும் மோட்டார் சைக்கிளிலும் ஆபத்து. அத்தகையோர் தம் வேலை நேரத்தைச் சொல்லி, உண்ணும் வேளையை மருந்தாளுநரிடம் கேட்டறிதல் வேண்டும்.

சொல்ல வேண்டியவை வேறு சிலவும் உள. இதயத்துடிப்புக் கோளாறு, கண்ணழுத்த நோய், சிறுநீர் அடைப்பு, வலிப்பு ஆகியவை இருப்பின் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். டிராமடோல் என்னும் வலி மருந்தும் வேறு மனச்சோர்வு மருந்துகளும் இதனுடன் சேர்ந்தால் தீங்கு விளையக்கூடும். மது அயர்வை மிகுவிக்கும். திடீரென நிறுத்தினால் குமட்டல், தலைவலி, உறக்கமின்மை தோன்றலாம். மருத்துவர் சொற்படி படிப்படியாகவே குறைத்தல் வேண்டும். மனம் மேலும் தளர்ந்தாலோ, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தாலோ, அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

‘அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு’ என்னும் பழமொழி இங்கு உவமையன்று, நேர்ப்பொருள். அளவு மிஞ்சிய அமிட்ரிப்டிலின் இதயத்துடிப்பைக் குலைக்கும், வலிப்பையும் நினைவிழப்பையும் உண்டாக்கும், உயிரையும் பறிக்கும். குழந்தைக்குச் சில மாத்திரைகளே பேராபத்து. எவரேனும் மிகுதியாக உண்டுவிட்டால் அறிகுறிக்காகக் காத்திராமல் 999ஐ அழைக்கவும். மாத்திரை உறையையும் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லவும். நச்சு பற்றி அறிவுரை வழங்கும் தேசிய நச்சு மையம் நம் பினாங்கிலேயே, மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்குகிறது.

மலாய் வாசிக்க இயலாத முதியோர் பலர் உள்ள நம் இல்லங்களில், மருந்துறையைப் படித்துச் சொல்லும் பொறுப்புப் பெரும்பாலும் பேரப்பிள்ளைகளைச் சேர்கிறது. ஆகவே இது வகுப்பறைக்கும் உரிய பாடம். ஓர் உறையின் வாசகத்தைத் தமிழில் எழுதுமாறு ஆசிரியர்கள் பயிற்சி தரலாம்: மருந்தின் பெயர், எதற்காக, எத்தனை மில்லிகிராம், எத்தனை மாத்திரை, எவ்வேளை. ஐந்தில் ஒன்று விளங்காவிடினும் ஊகித்து நிரப்பாமல் மருந்தாளுநரைக் கேட்க வேண்டும் என்பதையும் மாணவர் அப்பயிற்சியிலேயே கற்றுக்கொள்ளட்டும்.